ஆடி மாத மண்டபத்தில் ஒரு மாநாடு

ஆடி மாதத்தில் மதுரையில் கல்யாண மண்டபங்கள் சும்மாத்தான் பூட்டிக் கிடக்கும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி எங்கள் மூன்று பேருக்கு மட்டும் வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்காக ஒருநாள் மாநாடு நடத்தலாம் என்று முடிவெடுத்து, இடத்துக்காகக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு இடத்தில் மேடையில் யார் யாருக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்று கல்லூரிக்காரர்கள் பேசி முடிக்கவே மதியமாகிவிட்டது. வெளியே வந்ததும் நான் வெடித்துவிட்டேன். "பேச வர்றவன விட்டுட்டு, போத்திக்கிறவனுக்கு நாற்காலி போடச் சொல்றாய்ங்க. எனக்கு இந்தச் சோலியே வேணாம்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குச் சாயங்காலமே போன் போட்டு, அடுத்து எங்கே போய்க் கேட்கலாம் என்று ஆரம்பித்ததும் நான்தான். என் கோபத்துக்கு ஆயுசு கம்மி.

மூன்று பேர் என்றேன். ஒருவன் உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி. சில வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு, அதே கம்பெனி வேலையை இப்போது ஊரிலிருந்தே பார்க்கிறான். எதைச் சொன்னாலும் "பெங்களூர்லல்லாம்க்கா..." என்றுதான் தொடங்குவான். இன்னொருவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். டவுனுக்குள் பாத்திரம் வாடகைக்கு விடும் குடும்பம். அவருடைய அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் கணினியோடு போய்விட்டார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மூன்றாவது ஆள் நான்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடி, அவரவர் எழுதிய புரோகிராமைக் காட்டிப் பேசுகிற சின்னக் கூட்டம் எங்களுடையது. ஒரு நல்ல பேச்சைக் கேட்கவேண்டும் என்றால் மதுரைக்காரன் பஸ் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் ஓடவேண்டுமா, இங்கேயே வைத்தால் என்ன என்று அந்த மாடியில் ஒரு நாள் பேச்சு வந்தது. வந்த பேச்சை யாராவது அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. வருகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது, வேலை செய்கிற எங்களுக்குச் சம்பளம் கிடையாது, மேடையில் எந்தக் கம்பெனியின் போர்டும் கிடையாது என்று முடிவானது.

எனக்கு மட்டும் இதில் இன்னொரு காரணமும் இருந்தது. சென்னையில் டெவலப்பராக இருந்தவள் நான். மகன் பிறந்தபோது வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்தேன். அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலை தேடினேன். இன்டர்வியூ எடுக்கிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் "இத்தன வருஷம் என்ன மேடம் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். பிள்ளை வளர்த்தேன் என்று சொன்னால் அதற்கு மேல் கேள்வியே வராது. சரி மேடம், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்பியவர்கள் யாரும் இல்லை.

என் கணவருக்குச் சேலைக்கடை. நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம், கடையில் பாதிப் பேர் உறவுக்காரர்கள். பில் போட்டுக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஆடித் தள்ளுபடி முடியும்வரை யாரையாவது வைத்து ஓட்டிக்கொள்வது, ஆவணி பிறந்ததும் நான் போய்க் கல்லாவில் உட்கார்ந்துவிடுவது என்று வீட்டில் பேச்சு. அவர் கட்டாயப்படுத்தவில்லை. உனக்கும் இன்டர்வியூ அலைச்சல் இல்லை, எனக்கும் நம்பிக்கையான ஆள் கிடைத்த மாதிரி இருக்கும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியாக ஒரு தடவை, மாநாட்டில் ஒரு பேச்சு பேசிப் பார்ப்பது என்று முடிவு கட்டினேன். என் தொழில்காரர்கள் முன்னால் நின்று என்னால் பேச முடிந்தால் தொடர்ந்து வேலை தேடுவது, முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போய்விடுவது. இதைப் பாயிடமும் தம்பியிடமும் மட்டும் சொல்லியிருந்தேன்.

பேசுவதற்கு விஷயம் இருந்தது. மகன் படிக்கிற பள்ளிக்கூடம் அலங்காநல்லூர் ரோட்டில் இருக்கிறது. வேன் எங்கே வருகிறது என்று தெரியாமல் தினமும் சாயங்காலம் தெருமுனையில் நின்று கால் கடுத்துப்போய், ஆத்திரத்தில் நானே ஒரு செயலி எழுதினேன். வேன் ஒவ்வொரு நிறுத்தத்தையும் தாண்டும்போது டிரைவரின் போனிலிருந்து பெற்றோருக்குச் சேதி போகும். ஆனால் நடுவில் வயல்காட்டுப் பக்கம் சிக்னல் போய்விடும். அது திரும்பி வரும்வரை சேதிகளை எப்படிப் பத்திரமாக வைத்திருப்பது, எப்படி வரிசை மாறாமல் அனுப்புவது, ஒரே சேதி இரண்டு தடவை போய் அம்மாமார்களைக் குழப்பாமல் எப்படித் தடுப்பது, இதுதான் என் பேச்சு. சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம்.

மண்டபம் என்கிற யோசனை பாயுடையது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்துக்கு அவர்கள் கடைப் பாத்திரம் நெடுநாளாகப் போய் வருகிறது. அந்த மண்டபத்துப் பெரியவரிடம் போய் நின்றோம். நாங்கள் சொன்னதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். "ஆடியில சும்மாத்தானே கெடக்கு, நடத்துங்க. கரண்டுக்கு மட்டும் குடுத்துருங்க. ஆனா ஒண்ணு, ஏம் மண்டபத்துக்கு வந்தவுக பசியோட போகக் கூடாது. பொட்டலம் கிட்டலம்னு கையில திணிச்சு அனுப்பிறாதீக. எல போட்டுப் பந்திதான்" என்றார். நாங்கள் எலுமிச்சஞ்சாதப் பொட்டலம்தான் நினைத்து வைத்திருந்தோம். அவர் முகத்தைப் பார்த்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். அரிசி ஒருவர், காய்கறி ஒருவர், பாயசத்துக்குப் பால் ஒருவர் என்று சனிக்கிழமைக் கூட்டத்து ஆட்களே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இணையத்தில் அறிவிப்புப் போட்டதும் மளமளவென்று பேர் கொடுத்துவிட்டார்கள். தம்பிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. "இலவசக் கூட்டத்துக்குப் பேரு குடுத்தவய்ங்கள்ல பாதிப் பேரு வரமாட்டாய்ங்கக்கா. பெங்களூர்ல எல்லாக் கூட்டத்துலயும் இதான் கணக்கு" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதெப்படி வராமல் போவார்கள்? பேர் கொடுத்த அத்தனை பேரையும் போனில் கூப்பிட்டு அழைத்தே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வாலண்டியர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம்.

"வணக்கம், மாநாட்டுல இருந்து பேசுறோம். ஞாயித்துக்கெழம கண்டிப்பா வந்துரணும். மதியச் சாப்பாடு நம்ம மண்டபத்துலதான்."

எதிர்முனையில் பலர் திகைத்துப்போனார்கள். கம்ப்யூட்டர் கூட்டத்துக்கு யாரும் இப்படிக் கூப்பிட்டு அவர்கள் கேட்டதில்லை. ஒரு பையன் "எங்கூட ரூம்ல இருக்கவனையும் கூட்டிட்டு வரலாமாக்கா?" என்றான். "அதுக்கென்னப்பா, தாராளமா" என்றேன். ஒரு பெண்ணின் அம்மா போனை வாங்கி, என்ன கூட்டம், யார் நடத்துகிறார்கள், பெண் பிள்ளைகள் வருவார்களா என்று விசாரித்துவிட்டு, கடைசியில் கூச்சத்தோடு "நானும் வரட்டாம்மா?" என்று கேட்டார். "வாங்கம்மா, நல்லா வாங்க" என்றேன். போனை வைத்தபோது ஏதோ வீட்டு விசேஷத்துக்கு ஆள் திரட்டுவதுபோல எனக்கு ஒரே உற்சாகம்.

இவ்வளவும் செய்துவிட்டு, சமையல் மாஸ்டர் எத்தனை பேருக்கு என்று கேட்டபோது, பேர் கொடுத்தவர்களில் பாதியைச் சொன்னோம். மூன்று பேரும் சேர்ந்துதான் சொன்னோம். காசு வாங்காத கூட்டம்தானே என்று மாஸ்டரும் சரி என்றுவிட்டார். கூப்பிட்டது கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி, கணக்குப் போட்டது பெங்களூர் மாதிரி. கணினிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கூத்து வராது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சூத்திரத்தை மாற்ற எங்களுக்குக் கை வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கட்டியிருந்த பேனரை ஆடிக் காற்று புரட்டிப் புரட்டி அடித்தது. அதைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வர ஆரம்பித்துவிட்டார்கள். ஷேர் ஆட்டோவிலிருந்தும் டவுன் பஸ்ஸிலிருந்தும் கும்பல் கும்பலாக இறங்கினார்கள். திண்டுக்கல்லிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள், அண்ணனைத் துணைக்குக் கூட்டி வந்த பெண்கள், மச்சானையும் இழுத்து வந்த பையன்கள். போனில் கேட்ட அந்த அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, எங்கள் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். பேச்சுகள் நடக்கவேண்டிய மாடிக் கூடத்து மேடையில் முந்தைய கல்யாணத்தின் தெர்மாகோல் மயில் அப்படியே தோகை விரித்து நின்றது. வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர்கள் மாப்பிள்ளை நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று வெட்கப்பட்டு ஓரமாக நின்றார்கள்.

முதல் பேச்சு தொடங்குவதற்குள் நாற்காலிகள் தீர்ந்துவிட்டன. தம்பி வெளிறிப்போய் என்னிடம் ஓடி வந்தான்.

"அக்கா, எல்லாரும் வந்துட்டாய்ங்கக்கா."

"எல்லாருமா?"

"எல்லாருக்கும் மேலயே வந்துட்டாய்ங்க."

"பாதிதான் வருவாய்ங்கன்னு தலையில அடிச்சுச் சொன்னியேடா!"

"அது பெங்களூர்க்கா" என்றான் பரிதாபமாக. அவனை ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை.

அடுப்படிக்கு ஓடினோம். மாஸ்டர் எங்களைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். "என்னம்மா, வெளையாடுறீகளா? இந்தச் சோத்த வச்சு நான் யாருக்குப் போட, யார வெரட்ட?" கத்துகிற உரிமை அன்றைக்கு அவருக்குத்தான் இருந்தது. கத்தி ஓய்ந்ததும் அவரே, "சரி சரி, அரிசியும் பருப்பும் கொண்டாங்க, இன்னொரு அடுப்ப மூட்டுறேன்" என்றார். பாய் தன் அண்ணனுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் குட்டியானை வண்டியில் அண்டாக்களும் அடுப்பும் வந்து இறங்கின. இறக்கிவிட்டு அந்த அண்ணன் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். மண்டபத்துப் பெரியவர் வீட்டிலிருந்து அரிசி மூட்டை வந்தது. "இம்புட்டுக் கூட்டம் முகூர்த்தத்துக்குக்கூட வராதும்மா" என்று அவருக்குச் சந்தோஷம் வேறு. பட்டுச்சேலை அம்மா கேட்காமலே கத்தரிக்காய் நறுக்கினார். இவ்வளவு பேரில் ஒருவர்கூட எங்கள் தப்பைக் குத்திக்காட்டவில்லை. அவர்கள் எல்லாரையும் நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் மறுபடி உலை வைத்துச் சோறு வடிப்பதற்கு நேரம் பிடித்தது. பந்தி பந்தியாகத்தான் போட முடிந்தது. மதியத்து நிகழ்ச்சிகள் எல்லாம் தள்ளிப்போயின. வெளியூர்ப் பேச்சாளர்கள் ரயிலைப் பிடிக்கவேண்டும். ஒரு பேச்சைக் குறைத்தால்தான் மற்றவை நடக்கும் என்று ஆனது. சாப்பாட்டுக்குப் பிறகு முதலில் இருந்தது என் பேச்சு. நான் மாடிக்குப் போய், நிகழ்ச்சி நிரல் எழுதியிருந்த பலகையில் அதை அழித்துவிட்டு, கீழே வந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

யாரும் என்னை அழிக்கச் சொல்லவில்லை. தியாகம் கியாகம் எதுவும் இல்லை. மனசின் ஒரு மூலையில் அப்பாடா, தப்பித்தோம் என்றுகூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் எனக்கு அழுகை முட்டியது. போச்சு, இனி கல்லாதான் என்று நினைத்துக்கொண்டே ஊற்றினேன். ஒருவர் "போதும்க்கா, போதும்க்கா" என்று இலையை இரண்டு கையாலும் மறித்த பிறகுதான், சாம்பார் அவர் பாயசம்வரை ஓடியிருப்பதைப் பார்த்தேன்.

அடுத்த பந்திக்கு நிற்கிறவர்கள் எங்கள் ஊர் வழக்கப்படி சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். பெரியவருக்கு அது ஆகாது. எல்லாரையும் வாசல் பந்தலுக்கு அனுப்பி, வரிசையாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, மைக்கில் கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார். மாடிக்குப் போய்ப் பேச்சைக் கேளுங்கள் என்றால் ஒருவரும் நகரவில்லை. எழுந்து போனால் வரிசை போய்விடும் என்ற பயம். அந்த வரிசையில் என் கணவரும் இருந்தார். சாப்பிட வாருங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைக் கடை ஆட்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு மணிக்கு இலை முன்னால் உட்கார்ந்தாகவேண்டும் அவருக்கு. பசி தாங்காத மனிதர், முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

பாய் மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். கோபப்பட்டு நான் அவரைப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"யாரக் கேட்டு உங்க பேச்ச அழிச்சீங்க தங்கச்சி?"

"நேரமில்ல பாய்."

"மாடியிலதான் நேரமில்ல. இங்க இம்புட்டுப் பேரு சும்மாத்தானே ஒக்காந்திருக்காங்க?"

"புரொஜெக்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பசியில இருக்கவய்ங்ககிட்டப் போயி சிக்னல் கதையப் பேசச் சொல்றீங்களா? அடிக்க வருவாய்ங்க!"

"அடிச்சா நான் வாங்கிக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு, பந்திக்குக் கூப்பிடுகிற மைக்கை வாங்கினார். "அடுத்த பந்திக்கு இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் நம்ம தங்கச்சி பேசப் போறாங்க. இவங்களும் நம்மளப் போல டெவலப்பர்தான்." மைக்கை என் கையில் திணித்தார். தம்பி என்னிடமிருந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டான்.

முதலில் வேன், பள்ளிக்கூடம், சிக்னல் என்று ஏதோ உளறினேன். பாதிப் பேர் சாப்பாட்டுக்கூடத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் நல்லா இருக்கவேண்டும், அதுதான் என்னைக் காப்பாற்றியது.

"ஏப்பா, எந்திரி" என்றேன் அவனிடம். "இப்ப நீதான் சேதி. அந்தச் சாப்பாட்டுக்கூடம்தான் சர்வர். கூடம் ரொம்பிருச்சு, உள்ள விடமாட்டாய்ங்க. என்ன செய்வ?"

"வெயிட் பண்ணுவேன்க்கா."

"எம்புட்டு நேரம்?"

"பசி தாங்குற வரைக்கும்."

பந்தல் சிரித்தது. "தாங்கலேன்னா?"

"போய்க் கதவத் தட்டுவேன்."

"இங்க இருக்க எல்லாரும் ஒரே நேரத்துல போய்த் தட்டுனா?"

"மாஸ்டர் கரண்டியத் தூக்குவாரு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"அதேதான். சிக்னல் வந்ததும் தேங்கிக் கெடந்த சேதி பூராவும் ஒண்ணாப் போயி மோதுனா சர்வர் படுத்துரும். ஒரு தடவ தட்டணும், தொறக்கலேன்னா கொஞ்சம் பொறுத்துத் தட்டணும், அப்பயும் தொறக்கலேன்னா இன்னும் கூடப் பொறுக்கணும்" என்றேன். கதவைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் என் பக்கம் திரும்பின. அப்போது முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பாயசத்துக்காக மறுபடியும் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த ஒருவரைப் பக்கத்து ஆள் காட்டிக்கொடுத்தார். "வாங்கண்ணே, உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றேன். "இவருதான் ரெண்டாவது தடவ போன சேதி. இவரு ஏற்கெனவே சாப்பிட்டாச்சுன்னு சர்வருக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கையில் மை வைக்கலாம் என்றார் ஒருவர். மை அழிந்தால்? வாசலிலேயே டோக்கன் கொடுக்கலாம் என்றாள் ஒரு பெண். டோக்கன் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் இன்னொன்று வாங்கினால்? ஒவ்வொரு யோசனையும் எங்கே உடையும் என்று அவர்களே ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டினார்கள். அவ்வளவு நாள் சமையலறையில் தனியாக உட்கார்ந்து எனக்கு நானே போட்டுக்கொண்ட சண்டை அது. இப்போது ஒரு பந்தலே போடுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அடுத்த பந்தி, வாங்க வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் பேச்சை நிறுத்திக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கினேன்.

யாரும் எழவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. மதுரையில், அந்த நேரத்துப் பசியில், இலை போட்டுச் சோறு வைத்த பிறகு! மாஸ்டரே வாசலுக்கு வந்துவிட்டார்.

"சோறு ஆறுதும்மா, இன்னும் என்ன?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே, அக்கா முடிக்கட்டும்" என்றாள் டோக்கன் சொன்ன பெண். கொட்டாவி விட்டவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வாரோம்ணே, வாரோம்" என்று கையை ஆட்டினான். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் முடித்தேன். ஒவ்வொரு சேதியும் பிறக்கும்போதே அதன்மேல் ஒரு அடையாளத்தை ஒட்டிவிடவேண்டும், எத்தனை தடவை வந்தாலும் சர்வர் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்று சொன்னேன். என் பேச்சு அப்படியொன்றும் பிரமாதமில்லை. அதைவிட நல்ல பேச்சுகள் அன்றைக்கு மாடியில் நடந்தன. ஆனாலும் அவர்கள் பசியோடு எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பல பேருடைய முகம்கூட எனக்கு நினைவில்லை, இந்த நன்றியை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசிப் பந்தியில்தான் என் கணவரும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். கூப்பிட்டபோது எழாதவர்களில் அவரும் ஒருவர். சோற்றைப் பிசையாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாதபடி எங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில், பில் போடுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் வேலையையே தேடு என்றார்.

"இதச் சொல்றதுக்கு இம்புட்டு நாளா?" என்று தமிழில் கத்திவிட்டேன். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாம்பார் வாளியோடு வந்த தம்பி அப்படியே நின்றுவிட்டான்.

அவர் பதறவில்லை. உன் வேலை என்னவென்று எனக்கு இன்றைக்குத்தானே தெரிந்தது என்றார்.

யார் என்ன சொன்னாலும் வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள் நான். அத்தனை பேர் பார்க்க, இலை முன்னால் உட்கார்ந்து அழுதேன்.